குமரவேலிடம் ஒரு நாள் நின்ற பார்சல்கள்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் கண்டக்டரிடம் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டு, குமரவேலுக்குப் போன் செய்தேன். பஸ் எண்ணைச் சொன்னால் அவர் கடலூரில் வந்து பெட்டியை இறக்கிக்கொள்வார். ஆறு வருடமாக இதுதான் எங்கள் ஏற்பாடு. அதற்கு முந்தைய வாரம் இருவருக்கும் வாய்த்தகராறு. எதுவும் நடக்காததுபோல் பேசிவிடலாம் என்று நினைத்திருந்தேன். போனை எடுத்தது அவர் மனைவி அஞ்சலை. "அண்ணே, அவுரு போயிட்டாருண்ணே. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போறதுக்குள்ள..." அதற்கு மேல் அழுகைதான் கேட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பஸ் கிளம்பிப் போனது. இல்லாத மனிதருக்கு ஒரு பெட்டியை அனுப்பிவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

குமரவேலை அறிந்தவர்கள் இரண்டு வகை. கப்பல் சரக்குக்குச் சுங்கப் பேப்பர் தயார் செய்யும் முதுநகர் கிளியரிங் ஆபீஸில் அவரோடு மேஜை போட்டு உட்கார்ந்தவர்கள் ஒரு வகை. அஞ்சலகக் கவுண்டரில் அவரோடு மல்லுக்கு நின்றவர்கள் இன்னொரு வகை. இதைப் படிக்கும் இரு தரப்பாரும் அவரிடம் ஒரு முறையாவது கோபப்பட்டிருப்பீர்கள். நான் வாரம் ஒரு முறை கோபப்பட்டவன். நேரில் நாங்கள் வாடா போடாதான். எழுத்தில் 'அவர்' என்று எழுதக் கை கூசுகிறது. இருக்கும்போது கொடுக்காத மரியாதையை இப்போதாவது கொடுக்கிறேன்.

மேலவீதியில் எங்களுடையது நாட்டியப் பொருள் கடை. சலங்கை, ஜடைநாகம், ஒட்டியாணம், தலைசாமான். 2005இல், ஊரில் எல்லோரும் சொல்கிறார்களே என்று, கடைக்கு ஒரு வெப்சைட் திறந்தேன். மறு வருடம் கனடாவிலிருந்து ஒரு நடன ஆசிரியை ஒரு ஜோடி சலங்கை கேட்டிருந்தார். அனுப்பினேன். பார்சல் கடல் தாண்டியது, அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டினால் ஒரே ஒரு வரி வரும்: சுங்கத்தில் உள்ளது. ஏன் உள்ளது, எதுவரை உள்ளது, யாரைக் கேட்பது, எதுவும் கிடையாது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பிரவுசிங் சென்டருக்குப் போய் அந்த வரியைத் தரிசித்துவிட்டு வந்தேன். கோயில் கூப்பிடு தூரத்தில் இருந்தும் நடராஜரை நான் அவ்வளவு ஒழுங்காகப் பார்த்ததில்லை. மூன்றாவது வாரம் யாரோ சொல்லித்தான் கடலூர் முதுநகருக்குப் போனேன். துறைமுகத்தில் கப்பல் வரத்து குறைந்து, ஆபீஸில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார் குமரவேல்.

நான் அனுப்பிய படிவத்தின் நகலை வாங்கிப் பார்த்தார். உள்ளே இருப்பது என்ன என்ற கட்டத்தில் 'சலங்கை' என்று ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தேன்.

"இதென்னா எழுதியிருக்க?"

"சலங்கைதான். அதான உள்ள இருக்கு."

"அந்த ஊர்ல சலங்கைன்னா எவனுக்குத் தெரியும்? மிஷின்ல பாக்கறான். தோலு, அதுக்கு மேல எண்ணிக்கையில்லாம உலோக உருண்ட. அவன் என்னான்னு நெனைப்பான்? பொட்டியத் தொறக்கறவன் ஒன் சொந்தக்காரன் இல்ல மச்சான்."

அறிமுகமான கால்மணி நேரத்திலேயே மச்சான் என்றார். அன்றே ஒரு கடிதம் தயார் செய்தார். நடனமாடுபவர் காலில் கட்டும் மணிகள், பித்தளை, மாட்டுத்தோல் பட்டையில் தைத்தவை, புதியவை, ஒரு ஜோடி. கூடவே சலங்கை கட்டிய கால் ஒன்றின் படம் வேண்டும் என்றார். ஆடுகிற பெண்ணுக்கு எங்கே போவது? கடைக்கு வந்து என் காலிலேயே சலங்கையைக் கட்டிப் படம் எடுத்தார். ரோமம் அடர்ந்த அந்தக் கால் இன்னும் எத்தனை நாட்டு அலுவலகங்களின் கோப்புகளில் இருக்கிறதோ. கடிதம் போன நாலாம் நாள் பார்சலை விட்டுவிட்டார்கள்.

அதிலிருந்து என் வெளிநாட்டுப் பார்சல்கள் எல்லாம் அவர் கை வழியாகத்தான் போயின. நான் இங்கே பெட்டி கட்டி, வெள்ளைத் துணி போட்டுத் தைத்து பஸ்ஸில் ஏற்றுவேன். அவர் பட்டியல் எழுதி, படிவம் நிரப்பிக் கடலூரில் தபாலில் சேர்ப்பார். பட்டியலின் அடியில் ஒரு வரி எழுதுவார்: மேலே கண்டவை தவிர இதில் வேறு எதுவும் இல்லை. அதன் கீழே முழுப் பெயரில் கையெழுத்து. அந்த வரியை எழுதச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. அவராக வைத்துக்கொண்டது.

அவருடைய நேர்மை என் வியாபாரத்துக்குப் பல சமயம் குடைச்சலாக இருந்தது. லண்டன்காரர் ஒருவர், பெட்டியின் மேல் 'அன்பளிப்பு' என்று எழுதி அனுப்புங்கள், வரி இல்லாமல் வந்துவிடும் என்று கேட்டார். ஊர் உலகத்தில் எல்லோரும் எழுதுவதுதான். குமரவேல் மாட்டேன் என்றுவிட்டார். "அவன் ஒனக்கு மாமனா? நீ எதுக்கு அவனுக்கு சீர் அனுப்பற?" என்று கேட்டுவிட்டு விற்பனைப் பொருள் என்றே எழுதினார். லண்டன்காரர் அதோடு போனவர்தான். அன்று நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. குமரவேல் எதிரில் உட்கார்ந்து டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

ஆனால் பெரிய தவறு நான் செய்ததுதான்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அரங்கேற்றத்துக்கு என்று வாங்கும் சலங்கையைக் கோயிலுக்குக் கொண்டுபோய், சன்னிதியில் வைத்து எடுத்துத்தான் கொடுப்போம். தீட்சிதர் தரும் விபூதி, குங்குமம், ஒரு வில்வ இலை இவற்றைப் பொட்டலமாக மடித்து சலங்கையோடு வைப்போம். உள்ளூர்க்காரர் கையில் கொடுத்தாலும் அப்படித்தான், ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினாலும் அப்படித்தான் என்று நினைத்தேன். அப்படி ஒரு பெட்டி ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது குமரவேல் போனில் கேட்டார், வேறு எதாவது வைத்தாயா என்று. இல்லை என்றேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே எனக்கு இல்லை. அவர் தன் வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

இலை தழை, விதை, மண் எதுவும் உள்ளே வரக் கூடாத நாடு அது. பெட்டி நின்றது. குமரவேல் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். சலங்கை கேட்டிருந்த அங்குள்ள நடன ஆசிரியை, அரங்கேற்றத்துக்கு இன்னும் பத்து நாள், இன்னும் ஆறு நாள் என்று எழுதிக்கொண்டே இருந்தார். அரங்கேற்றத்தன்று அவருடைய மாணவி யாரோ கொடுத்த பழைய சலங்கையைக் கட்டிக்கொண்டு ஆடினாள். அதற்குப் பிறகுதான் பதில் வந்தது, படத்தோடு. காய்ந்த வில்வ இலை ஒன்று. பக்கத்தில் வெள்ளைத் தூள், சிவப்புத் தூள். பட்டியலில் இல்லாத பொருள்கள் என்று கீழே குறித்திருந்தது.

குமரவேல் அடுத்த பஸ்ஸிலேயே வந்தார். கடிதத்தைக் கண்ணாடி மேஜை மேல் வைத்தார்.

"நான் கேட்டனா இல்லியா? வேற எதுனா வச்சியான்னு கேட்டனா?"

"கேட்ட. அது பிரசாதம் மச்சான். அதப் போயி வேற எதுனான்னு எப்பிடிச் சொல்றது?"

கடிதத்திலிருந்த படத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு, "ஒனக்கு அது சாமி. அவுங்களுக்கு அது எல. என் கையெழுத்துக்கு அது பொய்யி மச்சான்" என்றார்.

அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு அந்த நாட்டுக்குப் போன எங்கள் பெட்டி ஒவ்வொன்றும் பிரிக்கப்பட்டது, ஒவ்வொன்றும் தாமதமானது. ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து பதில் எழுதினார். மன்னித்துக்கொள் என்ற ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. அன்று டிபன் வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன், அவ்வளவுதான். இனி பெட்டியில் எதுவும் வைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். பெட்டி கட்டுவது என் மனைவி வசந்தா.

அதன் பிறகு இன்னொரு தொல்லை தொடங்கியது. மற்ற பார்சல்கள் கடலூர் போன அன்றே தபாலில் சேரும். அரங்கேற்றப் பார்சல் மட்டும் அவரிடம் ஒரு நாள் நிற்கும். அவசரமான பெட்டியாகப் பார்த்து ஏன் நிறுத்த வேண்டும்? கேட்டால், பேப்பர் வேலை ஜாஸ்தி என்பார், முத்திரை அரக்கு சரியில்லை என்பார். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி வேறு: "எதுவும் வெக்கலியே?" இல்லை, இல்லை, இல்லை என்று ஐந்து வருடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே ஒரு தவறை எத்தனை நாள்தான் குத்திக்காட்டுவார் என்று இருக்கும். அரங்கேற்றப் பார்சல் எதிலும் அதன் பிறகு பட்டியலில் இல்லாத பொருள் என்று ஒன்றும் பிடிபடவில்லை என்பது உண்மை. அதற்கு நான் பாடம் கற்றுக்கொண்டதுதான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

கடைசியாகப் பேசியபோதும் அதுதான் சண்டை. "கஸ்டம்ஸ்காரன் நிறுத்தறான்னா அவன் யாரோ எவனோ. நீ எதுக்குடா நிறுத்தற? நீயும் ஒரு கஸ்டம்ஸா?" என்று கத்தினேன்.

"எங்கிட்ட ஒரு நாளு நின்னா அங்க ஒரு மாசம் நிக்காது மச்சான்" என்றார். போனை வைத்துவிட்டேன். அவர் என்னிடம் பேசிய கடைசி வாக்கியம் அது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய், கடலூர் பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீஸில் கண்டக்டர் விட்டுப்போயிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு, அதையும் தூக்கிக்கொண்டேதான் துக்க வீட்டுக்குப் போனேன். தேவனாம்பட்டினத்தில் அவர் வீட்டு மூலையில் வைத்தது, அங்கேயே மறந்துவிட்டேன். அதுவும் ஒரு அரங்கேற்றப் பெட்டி. மூன்றாம் நாள் பால் தெளிக்கப் போனபோது அஞ்சலை அதை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"இதப் பிரிச்சித் தெச்சித் தரட்டுமாண்ணே? அவசரமா போவணுமில்ல."

"எதுக்கும்மா பிரிக்கணும்?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து திறந்தார். நாள்காட்டித் தாளில் மடித்த சின்னச் சின்னப் பொட்டலங்கள். மடித்த விதத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, வசந்தாவின் கை.

"நீங்க வெக்கலன்னுதான் சொல்லுவீங்களாம். இவுரு பிரிச்சி எடுத்துட்டு, திருப்பி எங்கிட்ட குடுத்துத் தெக்கச் சொல்லுவாரு. மீன் வல தெச்ச கையி, தெரியாம தெச்சிடுவேன். பிரசாதத்தத் தூக்கிப் போடக் கூடாதுன்னு இதுல போட்டு வெப்பாரு. மாசி மகத்தன்னைக்கு சாமியெல்லாம் கடலுக்கு வருமே, அப்ப கொண்டுபோயி கரைச்சிடுவாரு. இது இந்த வருசத்துது."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க அண்ணிகிட்ட சண்ட போடுவீங்கன்னாரு. அண்ணியும் வெக்கறத நிறுத்த மாட்டாங்கன்னாரு. 'தங்கச்சி வெக்கட்டும், நான் எடுத்துக்கறேன்'னுடுவாரு."

அங்கேயே உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தேன். சலங்கைக்கு அடியில் பொட்டலம் இருந்தது. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. முன்பெல்லாம் இந்த இடத்தில் குமரவேல் மேல் கோபப்படுவேன். அழுதேன்.

வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் பொட்டலத்தைக் காட்டினேன். அவள் மறைக்கவில்லை. "அரங்கேற்றம்னு நீங்க சொல்ற பொட்டியில மட்டும்தான் வச்சேன். அந்தப் பொண்ணு மொதமொதல்ல கால்ல கட்டப் போவுது. அத எப்பிடி வெறுமன அனுப்பறது?" என்றாள். குமரவேல் சொன்னது சரி, அவள் நிறுத்தப்போவதில்லை. நான் சண்டை போடவில்லை.

அந்தப் பெட்டியை அஞ்சலைதான் தைத்துக் கொடுத்தார். பட்டியலை நானே எழுதினேன். மேலே கண்டவை தவிர இதில் வேறு எதுவும் இல்லை என்று அடியில் எழுதி, முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டேன். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அந்த வரிக்கு நான் பொறுப்பு. நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பே பெட்டி போய்ச் சேர்ந்தது.

குமரவேலுடையது என்று என்னிடம் இருப்பது அந்த டப்பாதான். அஞ்சலையிடம் கேட்டு வாங்கி வந்தேன், கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நேற்று இன்னொரு அரங்கேற்றப் பெட்டியைக் கட்டி வைத்தாள் வசந்தா. வாங்குபவர் போனில் அவசரப்படுத்தினார், இன்றே அனுப்ப முடியாதா என்று. பேப்பர் வேலை ஜாஸ்தி, ஒரு நாள் ஆகும் என்றேன். பெட்டி இப்போது என் மேஜை மேல் இருக்கிறது, பிரிக்க வேண்டும். மாசி மகத்துக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் போக வேண்டும்.