பெட்டியின் பின்பக்கம்

இருங்காட்டுக்கோட்டையில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன் ஜெபராஜ், நாகர்கோவில்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் பென்னலூர் சபையில் கிட்டார் வாசிப்பான். ஆம்ப்ளிஃபயர் அவனுடையது. அதற்கான ஸ்பீக்கர் பெட்டியைப் பழைய சாமான் கடையில் பார்த்து வாங்கிக் கொடுத்தவன் நான்.

எவ்வளவு கூட்டி வைத்தாலும் சத்தம் மெலிந்தேதான் வந்தது. டிரம்ஸ் அடித்தால் கிட்டார் காணாமலே போய்விடும்.

“இன்னாடா, கைல தெம்பே இல்லியா?” என்று கேலி செய்வேன்.

“கைதான் சரியில்ல மக்கா” என்று அவனும் நம்பிவிட்டான். வாசிப்பதை நிறுத்திவிட்டு, ஞாயிறுகளில் கம்பெனியில் ஓவர்டைம் பார்க்கத் தொடங்கினான். அப்படியொரு ஞாயிறன்றுதான் பிரஸ் மெஷினில் அவனுடைய இடது கை விரல்கள் மூன்று போயின.

அவன் ஊருக்குக் கிளம்பும் நாளில் நான்தான் சாமான்களைக் கட்டினேன். சுவரோரம் இருந்த பெட்டியைத் திருப்பினால், பின்னால் மின்தடை அளவு ‘16 ஓம்’ என்று எழுதியிருந்தது. ஆம்ப்ளிஃபயரில் ‘4 ஓம்’. அதன் சக்தியில் பாதிகூட அந்தப் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. கம்பெனியில் என் வேலையே வயர்களை ஓம் பார்த்து, சேராததை ரிஜெக்ட் செய்வதுதான்.

“என்னல அப்பிடி பாக்க?” கட்டுப்போட்ட கையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த ஜெபராஜ் கேட்டான்.

“ஒண்ணுமில்லடா. தூசி.”

“ரெண்டையும் நீயே வச்சுக்கோ மக்கா. எனக்குத்தான் வாசிக்க வரலியே.”

அவன் மனது நோகக் கூடாதென்றுதான் வாயைத் திறக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன அந்த விரல்கள் நன்றாகத்தான் வாசித்தன என்பது இன்றுவரை அவனுக்குத் தெரியாது.