கதவைத் திறந்து தண்ணீரை உள்ளே விட்டேன்

1. ஸ்டியரிங் சும்மா சுற்றியது

பிள்ளைகளே, நான் காசிமேட்டில் ஃபைபர் போட்டுகளுக்கு ஒட்டு வேலை செய்கிறவன். உடைந்த இடத்தில் கண்ணாடி நார் மேட் வைத்து, ரெசின் பசை தடவி, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே வராதபடி அடைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். அப்படிப்பட்ட நான் ஓட்டிய கார், என் மகள் ஜென்சி பின்சீட்டில் இருக்கும்போதே, நடு ரோட்டில் மிதந்துவிட்டது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது சும்மா சுற்றியது.

2. அந்தக் காரை ஏன் வாங்கினேன்

அது இங்கிலாந்தில் டிசைன் செய்த பழைய ஹாட்ச்பேக். இரண்டு கதவு, பின்னால் தூக்கித் திறக்கும் கண்ணாடி. சேசிஸ் என்கிற அடிச்சட்டம் இரும்பு, பாடியும் தரையும் ஃபைபர். எங்கள் பக்கத்து உப்புக்காற்றில் இரும்புக் கார்களின் கதவு அடியை விரலால் குத்தினாலே பொடிப்பொடியாகக் கொட்டும். ஃபைபர் துருப்பிடிக்காது, உடைந்தால் நானே ஒட்டிக்கொள்வேன். அதனால்தான் ஆசைப்பட்டேன்.

என் மனைவி ரோஸி அதைச் சுற்றிவந்து பார்த்தாள். “இது காரா, சோப்பு டப்பாவா? ஊரே புது வண்டி வாங்குது. நீ மியூசியத்துல கீறத வாங்கினு வந்துகிற” என்றாள்.

காட்சிக்கு நிறுத்தி வைக்க நான் அதை வாங்கவில்லை. தினமும் சடையங்குப்பத்து வீட்டிலிருந்து ரெசின் கேன்களோடு அதில்தான் வேலைக்குப் போனேன். காலையில் சோக் இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகும். பார்ட்ஸ் லேசில் கிடைக்காது. மெக்கானிக் பாஷா பாய் வேறு வண்டிச் சாமானைத் தேய்த்துப் பொருத்திக் கொடுப்பார்.

ஒருநாள் வண்டிக்கு அடியில் படுத்திருந்த பாய் கத்தினார்.

“இன்னா நைனா, தரையில இருந்த ஓட்டைங்க ஒண்ணத்தையும் காணோம்?”

“மேட் வெச்சு ஒட்டிட்டேன் பாய். கதவுக்கும் புது ரப்பர். தண்ணி உள்ள வரக்கூடாதுல்ல?”

“வந்தா வெளிய போவத்தான் அந்த ஓட்டைங்கள வெச்சுகிறான்! நீ இன்னாடான்னா கடல்ல எறக்கப் போறவன் மாதிரி அடைச்சுகிற. துடுப்பு வாங்கிட்டியா?”

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்ததோடு விட்டுவிட்டேன். போட்டில் ஓட்டை என்றால் சாவு. என் கைக்கு அது ஒன்றுதான் தெரியும்.

3. கால்வாய் ஓரம்

அடைமழை என்று பள்ளியை மதியமே விட்டுவிட்டார்கள். ஜென்சியை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். கால்வாய் ஓரத்து ரோட்டில் தண்ணீர் நின்றது. முன்னால் ஒரு கண்டெய்னர் டிரெய்லர் போனது. அதுவே போகிறதே என்று நானும் பின்னால் இறங்கினேன்.

எதிரில் இன்னொரு டிரெய்லர் வந்தது. அது கிளப்பிய அலை வண்டியின் பக்கத்தில் மோதியது. டயர் தரையை விட்டு எழும்பியது. அந்தத் தூக்கல் எனக்குத் தெரியும். மணலிலிருந்து போட்டைத் தள்ளும்போது கடைசி நொடியில் வருமே, அதேதான். ஆக்சிலேட்டரை மிதித்தேன், இன்ஜின் மட்டும் கத்தியது. வண்டி மெதுவாகத் திரும்பி கால்வாய்ப் பக்கம் நகர்ந்தது. அங்கே தடுப்புச் சுவர் இல்லை.

“அப்பா, நாம மெதக்குறோமா?” என்றாள் ஜென்சி. உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தேன்.

அப்போதுதான் உறைத்தது. இதை நிறுத்த ஒரே வழி, உள்ளே தண்ணீர் விடுவது. கனம் ஏறினால்தான் டயர் தரையைத் தொடும். மகளை உள்ளே வைத்துக்கொண்டா? கை கதவுப் பிடியில் இருந்தது, திறக்க மாட்டேன் என்றது. கண்ணை மூடிக்கொண்டு பிடியை இழுத்து, கதவைக் காலால் உதைத்தேன்.

சாக்கடையும் மழையும் சேர்ந்து குபுகுபுவென்று ஏறியது.

“இன்னாப்பா பண்றே! சாத்துப்பா, சாத்து!” என்று அலறியபடி ஜென்சி முன்னால் தாவி, ஸ்கூல் பையைக் கதவு இடுக்கில் திணித்தாள். ஒட்டு வேலைக்காரன் மகள், அடைக்கத்தானே பார்ப்பாள்? நான் பையைப் பிடுங்கினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை.

தண்ணீர் சீட்டுக்கு வந்ததும் அடியில் ‘தொம்’ என்று ஒரு சத்தம். வண்டி உட்கார்ந்துவிட்டது. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினேன். வண்டி மூக்குக்கு அப்பால் காலை வைத்துப் பார்த்தேன், தரை இல்லை.

டீக்கடையிலிருந்து ஓடிவந்த ஒருவர், “யோவ் மாமு, கொழந்தைய வெச்சுக்கினு கதவத் தொறந்து வுடுற, பைத்தியமா நீ?” என்று திட்டினார். அப்புறம் வண்டி நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, ஜென்சியைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

4. டிரில்

வண்டி காய்ந்ததும் என் ஒட்டுகளை நானே டிரில் போட்டுத் திறந்தேன். பாஷா பாய் பக்கத்திலேயே நின்றார். டார்ச் அடித்து ஒவ்வொரு ஓட்டை இருந்த இடத்தையும் காட்டினார்.

பிள்ளைகளே, கைத்தொழில் நன்றாகத் தெரிந்தால் மட்டும் போதாது. முன்னால் இருக்கிற பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்று கேட்டுவிட்டுக் கை வையுங்கள். தேங்கிய தண்ணீரில் வண்டியை இறக்கவே இறக்காதீர்கள்.

அந்தக் கார் இன்றும் தினமும் ஓடுகிறது. மழை இருட்டிக்கொண்டு வந்தால் ஜென்சி விளக்குமாற்றுக் குச்சியை உருவிக்கொண்டு அடியில் குனிகிறாள். ஒவ்வொரு ஓட்டையிலும் குத்திப் பார்த்து, “அடைக்கலைப்பா, தொறந்துதான் கீது” என்று சொன்ன பிறகுதான் ஏறி உட்காருகிறாள்.