ஆயர் ஈத்தாமுக்குச் சுற்றுவழி

அந்தோணி மாமா நன்மை வாங்காமல்தான் செத்தார். வாங்கிவிட்டுத்தான் கண்ணை மூடினார் என்று சொன்னவள் நான். அது பொய்.

சொல்லிவிட்டேன்... ஆனால் உங்களிடம்தான். சொல்ல வேண்டியவளிடம் இன்னும் சொல்லவில்லை.

நற்கருணையை எங்கள் வீடுகளில் நன்மை என்போம். பூசையில் கொடுக்கும் மெல்லிய வெள்ளை அப்பம். உங்களுக்கு அது அப்பமாக இருக்கலாம், எங்களுக்கு அது ஆண்டவர். சாகும் நேரத்தில் அதை வாங்கிவிட்டுப் போகிறவருக்கு நல்ல மரணம் என்று நம்புகிறவர்கள் நாங்கள். கோவிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு, ஞாயிறு பூசை முடிந்ததும் என்னைப் போன்ற சிலர் அதை வீட்டுக்கு எடுத்துப் போவோம். ஒரு சின்னச் சிமிழில் வைத்து, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு. பயிற்சியில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். நேராகப் போக வேண்டும். வழியில் காப்பிக்கடை கூடாது, அரட்டை கூடாது, வேறு வேலை கூடாது.

நான் அந்த ஞாயிற்றுக்கிழமை நேராகப் போகவில்லை.

காரணம் என் பைக்.

புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர். பினாங்குத் தீவில் இருக்கும் ஜார்ஜ்டவுனிலிருந்து தினமும் கடல்பாலம் தாண்டிப் போக வேண்டும். காரில் உட்கார்ந்து நெரிசலில் அலுத்துப்போய் பைக் வாங்கினேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். அதுவும் பாதிப் பொய்தான். நெரிசலுக்குக் கப்சாய் என்கிற சின்ன பைக் ஒன்று போதாதா? நான் வாங்கியது சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக். நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள், ஞாயிற்றுக்கிழமை சேலை கட்டிக்கொண்டு வாசகம் வாசிக்கிறவள்! என் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஃபாதர் மட்டும் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டு, "பாத்து போங்க ஸ்டெல்லா, மோட்சத்துக்கு இப்பவே அவசரம் வேணாம்லா" என்று கிண்டல் செய்தார்.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்? அதைச் சொல்லாவிட்டால் என் குற்றம் உங்களுக்குப் புரியாது. முன்னால் குனிந்து படுத்தாற்போல் உட்கார வேண்டும். என்ஜினின் அதிர்வு தொடை வழியாக ஏறி வயிற்றில் வந்து நிற்கும். வளைவில் நான் சாய்ந்தால் அதுவும் சாயும், நான் நிமிர்ந்தால் அதுவும் நிமிரும். என் வாழ்க்கையில் வேறு யாரும் இப்படி நான் சொன்னபடி கேட்டதில்லை. ஹெல்மெட்டுக்குள் நான் யாருக்கும் தங்கச்சி இல்லை, யாருக்கும் சூப்பர்வைசர் இல்லை. சத்தமாகச் சிரிப்பேன். யாருக்குக் கேட்கப் போகிறது?

ஆனால் புது என்ஜினை ஆரம்பத்திலேயே முறுக்கக் கூடாது என்று கடையில் சொல்லியிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வாரக்கணக்கில் மெதுவாக ஓட்டினேன். முதல் சர்வீஸ் ஒரு சனிக்கிழமை முடிந்தது. சீன மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, "சூடா போலே, காக்" என்றான். இனி முறுக்கலாம், அக்கா, என்று அர்த்தம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

இரவு பெய்த மழை விட்டு, வெயில் வந்து, சாலை காய்ந்து கிடந்தது. பூசை முடிந்து ஃபாதர் என் சிமிழில் ஒரே ஒரு நன்மையை வைத்தார். அந்தோணி மாமாவுக்கு. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். அவருடைய மகள் செலின்தான் பார்த்துக்கொண்டாள். ஆயர் ஈத்தாம் என்கிற பகுதியில் அடுக்குமாடி வீடு. கோவிலிலிருந்து அரைமணி நேரம்கூட ஆகாது.

ஆனால் ஆயர் ஈத்தாமுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. கடலோரமாகவே போய், தெலுக் பாஹாங்கில் மலையேறி, டுரியான் பழத்தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து பாலிக் புலாவில் இறங்கி, மறுபடி ஒரு மலை ஏறி இறங்கினால் அதே ஆயர் ஈத்தாம்தான். பினாங்குக்காரர்கள் சிரிப்பார்கள். மூக்கைத் தொடத் தலையைச் சுற்றிக் கையைக் கொண்டுபோகிற வேலை!

சிக்னலில் நின்றேன். இடப்பக்கம் போனால் மாமா வீடு. நேராகப் போனால் கடல்... நேராகப் போனேன்.

நான் எங்கேயும் நிற்கவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காப்பி குடிக்கவில்லை, யாரிடமும் பேசவில்லை. போய்க்கொண்டுதானே இருக்கிறேன்? சிமிழ் ஜாக்கெட்டின் உள்பையில் நெஞ்சில் அழுந்திக்கொண்டிருந்தது. ஆண்டவரையும் ஒரு சுற்று கூட்டிப் போகிறேன் என்று வேடிக்கையாக நினைத்தது நினைவிருக்கிறது. ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

மலைப்பாதையில் பைக்கை முறுக்கினேன். அந்த வளைவுகளைப் பற்றி உங்களிடம் சொல்ல மாட்டேன். சொன்னால் எனக்கு மறுபடி ஆசை வரும்.

பாலிக் புலாவுக்குக் கொஞ்சம் முன்னால் இடுப்புப் பையில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. நான் நிறுத்தவில்லை. நன்மை கையில் இருக்கும்போது வழியில் நிற்கக் கூடாதல்லவா! அந்தக் கட்டளை அப்போது எவ்வளவு வசதியாக நினைவுக்கு வந்தது...

செலின் கதவைத் திறந்தாள். என்மேல் கோபமே இல்லை அவளுக்கு.

"அக்கா, போன் அடிச்சேன். ரோட்டுல ட்ராஃபிக் ஜேம் போல. அப்பா காலையிலேர்ந்து ஒரு மாதிரியா இருந்தாரு. ஃபாதரக் கூப்பிடட்டுமான்னு கேட்டேன். வேணாம், ஸ்டெல்லா வந்துருவாள்ல, அது போதும்னாரு. வந்துட்டாளா, வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. இப்பதான் கொஞ்சம் தூங்குறாரு."

"ரோட்டுல ஒரே ஜேம்," என்றேன். அவளே எடுத்துக் கொடுத்த பொய்.

கட்டிலருகே சின்ன மேசையில் வெள்ளைத்துணி விரித்து, மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தாள். பாதிக்கு மேல் உருகிவிட்டிருந்தது. நன்மையை விழுங்க அவருக்குத் தண்ணீர் வேண்டும் என்று சமையலறைக்குப் போனாள். நான் சிமிழைத் திறந்தேன். "மாமா" என்றேன். நன்மையை எடுத்து அவர் முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. நெஞ்சு ஏறவில்லை... இறங்கவில்லை. கையைத் தொட்டேன். சூடு இருந்தது.

சூடு இருந்தது! அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கை சில்லிட்டுப் போயிருந்தால், நேராக வந்திருந்தாலும் தவறியிருக்கும் என்று மனதைத் தேற்றியிருப்பேன்.

செத்தவர் வாயில் நன்மை கொடுக்கக் கூடாது. கொடுக்க முடியாமல் போனால் கொண்டுபோனவரே உட்கொள்ளலாம். செலினின் காலடிச் சத்தம் கேட்டது. அதை நான் என் வாயில் போட்டுக்கொண்டேன். அன்று காலையில் நான் விதிப்படி செய்தது அது ஒன்றுதான்.

"வாங்கிட்டாராக்கா?"

என் வாயில் நன்மை இருந்தது. தலையாட்டினேன்.

பிறகு அவள் தண்ணீரோடு குனிந்து "அப்பா... அப்பா, ஒரு வாய் குடிங்க" என்றாள். அந்தக் கொஞ்ச நேரம் நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் அலறியபோது நானும் அப்போதுதான் அறிந்தவள்போல அலறினேன்.

அடக்கப் பூசையில் ஃபாதர் அதையே பிரசங்கமாக வைத்தார். ஆண்டவர் வரும்வரை காத்திருந்த மனிதர் என்றார். செலின் முன்வரிசையில் அழுதுகொண்டே தலையை நிமிர்த்தினாள். அதற்குப் பிறகு நோயாளிகளின் வீடுகளில் என்னைப் பேர் சொல்லிக் கேட்கிறார்கள். ஸ்டெல்லா கை ராசியான கையாம்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? சொன்னால் செலின் என்னை ஏசுவாள், பரவாயில்லை. ஆனால் ஏசி முடித்ததும் தன்னையே கேட்பாள்: அப்பா வேண்டாம் என்றாலும் நான் ஏன் ஃபாதரைக் கூப்பிடவில்லை? சாகும்வரை கேட்பாள். அவளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று பல நாள் நம்பினேன். இப்போது அதையும் நம்ப முடியவில்லை. எனக்காகத்தான் மூடிக்கொண்டேன். அவள் கண்ணில் நான் தாழ்ந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகாமல் இல்லை. "ஒரு பொய் சொன்னேன் ஃபாதர்" என்பேன். என்ன பொய் என்று அவர் துருவிக் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. செபமாலை சொல்லச் சொல்வார். சொல்வேன். முழுக்கச் சொன்னால் செலினிடம் போகச் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

பைக்கை விற்றுவிட்டேன் என்று சொன்னால் உங்களுக்கு மனம் ஆறும். விற்கவில்லை. ஓட்டுகிறேன். இன்னும் அதே சந்தோஷம்தான் எனக்கு. அதில் ஒரு துளியாவது குறைந்திருக்கக் கூடாதா? குறையவில்லையே!

போன வாரம் செலின் கோவில் வாசலில் என் பைக்கருகே காத்திருந்தாள். அவளும் இப்போது பயிற்சி முடித்துவிட்டாள். வரும் ஞாயிறு முதல் அவளும் சிமிழ் எடுத்துப் போகிறாள். அப்பாவுக்குக் கிடைத்தது மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டுமாம்.

"ஒண்ணு கேக்கணும்க்கா. ரொம்ப நாளா மனசுல இருக்கு. நான் தண்ணி எடுக்கப் போயிட்டேன், பாக்கல. நீங்க குடுத்தப்ப அப்பா கண்ணத் தொறந்தாரா?"

இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன்...

"தொறந்தாரு."

"ஆமென் சொன்னாரா?"

"சொன்னாரு," என்றேன். "மெதுவாத்தான் சொன்னாரு. ஆனா எனக்குக் கேட்டுச்சு."

செலின் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் விடும்வரை நின்றுவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.