மாப்பிள்ளை மாட்டிய பிளகின்

என் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டரில் தெரியாதது எதுவும் இல்லை என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். அவர் உழவர்கரையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தினார். டாக்டர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்குவது மாதிரி அவர் கழுத்தில் எப்போதும் ஒரு பென் டிரைவ் தொங்கும். அதில் என்ன இருக்கிறது என்று நான் ஒரு தடவை கேட்டேன். பேக்கப் என்றார். எதற்கு பேக்கப் என்று கேட்டதற்கு, எல்லாவற்றுக்கும் என்றார். அம்மா என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

எனக்கு வேலை பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பது. கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் சாயங்கால வகுப்பு. வருகிறவர்கள் பெரும்பாலும் கல்யாணம் நிச்சயமான பெண்கள். பையன் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள குடும்பம், பிரான்சில் வேலை, பேப்பர் எல்லாம் முடிந்து இவள் போய்ச் சேரும்போது ரொட்டி வாங்கவும், டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்பார்கள். ஆனால் அந்த அவ்வளவையும் என் வாயிலிருந்து மட்டும் கேட்டுக்கொண்டு போனால், அங்கே போய் இறங்கியதும் ஒரு வார்த்தை புரியாது. என் பிரெஞ்சு புதுச்சேரிப் பிரெஞ்சு.

அதனால்தான் அந்த வலைத்தளத்தை ஆரம்பித்தேன். வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. இரண்டாயிரத்து ஏழோ எட்டோ. பாடத்துக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில், அதை வேறு யாராவது உச்சரிப்பதைக் கேட்க ஒரு இணைப்பு. கனடாவில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் தன் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் போட்ட பட அகராதி ஒன்று இருந்தது. சுவிட்சர்லாந்தில் ஒரு கிழவர் குழந்தைக் கதைகளை நிறுத்தி நிறுத்திப் படித்துப் பதிவு செய்து வைத்திருந்தார். பாரிஸ் மெட்ரோவில் வரும் அறிவிப்புகளை யாரோ ஒருவன் வேலை மெனக்கெட்டுச் சேகரித்திருந்தான். இவற்றையெல்லாம் தேடி, கேட்டு, நல்லதை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றாகக் கையால் இணைத்தேன். என் தளத்தில் இருந்ததே அதுதான். வெளியே போகிற வழிகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை சாப்பிட வந்தார். சாப்பிட்டுவிட்டு, என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தளத்தைப் பார்த்தார். மேலும் கீழும் இழுத்தார். உச்சுக் கொட்டினார்.

"இன்னா மச்சான், இவ்ளோ வெளி லிங்க் குடுத்து வச்சிருக்கீங்க? உங்க ஜூஸ் எல்லாம் வெளிய போயிடும்."

என்ன ஜூஸ் என்று கேட்டேன். விளக்கினார். ஒரு தளத்துக்கு ஒரு பலம் உண்டாம். அடுத்தவன் தளத்துக்கு இணைப்பு கொடுத்தால் அந்தப் பலம் அந்த வழியாக ஒழுகிவிடுமாம். கூகுள் பார்த்துக்கொண்டே இருக்குமாம். வருகிறவனை உள்ளேயே வைத்துச் சுற்றவிட வேண்டும், அதுதான் வித்தை என்றார். எனக்கு ஆச்சரியமாக இல்லை. தன் வீட்டு இன்வெர்ட்டரை எந்தக் கடையில் வாங்கினார் என்று கேட்டால்கூட, டவுன்லதான் என்று நிறுத்திக்கொள்கிற மனிதர். இன்னொருவனுடைய பெயரைச் சொல்வதே நஷ்டம் என்று வாழ்கிறவருக்கு அப்படி ஒரு தத்துவம் கிடைத்தால் விடுவாரா?

இதற்கென்று ஒரு பிளகின் இருக்கிறது என்றார். தளத்தில் மாட்டிவிட்டால் அதுவே வெளி இணைப்புகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், எது இருக்கலாம் எது கூடாது என்று அதுவே முடிவு செய்யும், தேவையான இடத்தில் புதிதாகவும் போடும். நான் வேண்டாம் என்றேன். அம்மா பின்னால் காபியோடு நின்றுகொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை சும்மா சொல்லுவாராடா? பாஸ்வேர்டக் குடு."

கொடுத்தேன். காபி ஆறுவதற்குள் மாட்டிவிட்டார். திரையில் வரிசையாகக் கட்டங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஏதோ எழுதியிருந்தது. அவர் எதையும் படிக்கவில்லை. எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுக்கொண்டே போனார். இனிமேல் நீங்கள் லிங்க் பக்கமே திரும்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கோப்பையைக் கீழே வைத்தார்.

கொஞ்ச நாள் கழித்து, காலாப்பட்டிலிருந்து வரும் ஒரு பெண் வகுப்பில் கையைத் தூக்கினாள். அப்பாவுக்குச் சொந்தமாகப் படகு, அவளுக்கு நிச்சயமான பையனுக்குப் பாரிஸ் பக்கம் ஏதோ கிடங்கில் வேலை. கெட்டிக்காரப் பெண். வகுப்பில் எல்லோரையும்விட முதலில் பாடத்தை வீட்டில் பார்த்துவிட்டு வருவாள். வீடு என்றால், வீட்டுப் பக்கத்து பிரவுசிங் சென்டர்.

"சார், ரொட்டியத் தட்டுனா மாத்திரை வருது சார்."

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை. வகுப்பு முடிந்ததும் போய்ப் பார்த்தேன். பிரெஞ்சில் ரொட்டியை பேங் என்போம். எழுதும்போது ஆங்கிலத்தில் வலிக்கு எழுதும் அதே எழுத்துகள், அதே வரிசை. பிளகின் அந்தச் சொல் வந்த இடமெல்லாம் வலி மாத்திரை விற்கும் கடைக்கு இணைப்பு போட்டிருந்தது. காலையில் ரொட்டி சாப்பிட்டேன் என்ற வாக்கியத்தில் மாத்திரை. புது ரொட்டி இருக்கிறதா என்ற கேள்வியிலும் மாத்திரை. மூலைக்கான சொல் ஆங்கிலத்தில் நாணயம். தெரு மூலையில் திரும்பு என்று நான் எழுதியிருந்த இடத்தில் பழைய நாணயம் வாங்குவோர் சங்கம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, ஏனென்றால் என்பதற்கான சொல். பிரெஞ்சில் அதை எழுதினால் ஆங்கிலக் கண்ணுக்குக் கார். நான் வரவில்லை ஏனென்றால் காய்ச்சல், அவள் அழுகிறாள் ஏனென்றால் அம்மா ஊரில் இல்லை. காரணம் சொன்ன இடத்திலெல்லாம் வாடகைக் கார்.

நான் போட்ட இணைப்புகளோ, பக்கத்துக்கு முதல் இரண்டு மூன்றைத் தவிர ஒன்றும் இல்லை. சொற்கள் வெறுமனே கறுப்பாக நின்றன. கனடா டீச்சர் போய்விட்டார். கதை படித்த கிழவர் போய்விட்டார்.

மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். என் பேச்சை முடிக்க விடாமல் அவர் சந்தோஷப்பட்டார். தளத்துக்கு ஆள் வருவது ஏறியிருக்கிறதாம், தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாராம். உள்ளே போய் நானே எடுத்துவிடலாம் என்று பார்த்தால், என் பாஸ்வேர்டு செல்லவில்லை. பாதுகாப்புக்காக மாற்றிவிட்டேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார். அவசரம் என்றேன். என் கையிலிருந்து போனை அம்மா வாங்கி, அவன் கிடக்குறான், நீங்க மெதுவா வாங்க என்று சொல்லி வைத்துவிட்டார். வீட்டு மாப்பிள்ளை மனம் கோணக் கூடாது. அது எங்கள் வீட்டில் சட்டம்.

ஞாயிறு வருவதற்குள் காலாப்பட்டுப் பெண்ணின் அப்பா வந்துவிட்டார். காலையில், நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கல்யாணப் பேச்சுக்குப் போகும் உடை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், பொண்ணு பூனையப் பாக்கணும்னு சொன்னா. நானும் பக்கத்துல ஒக்காந்து பாத்தேன்."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. பூனைக்கான பிரெஞ்சுச் சொல்லை ஆங்கிலமாகப் படித்தால் சாட், அரட்டை. மிருகங்கள் பாடத்தில் நாய்க்கும் பசுவுக்கும் நடுவில் அந்தச் சொல் இருந்தது. என்ன மாதிரி இடத்துக்கு அது போயிருக்கும், அங்கே யார் எந்தக் கோலத்தில் பேசக் காத்திருந்திருப்பாள் என்பது எனக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. பெண்ணைத் தனியாக அனுப்பப் பயந்து கூடப் போய் உட்கார்ந்திருந்த அப்பா. பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஊர்ப் பையன்கள். திரையை எப்படி அணைப்பது என்று தெரியாமல் துண்டை எடுத்து மூடியதாக அவள் பிறகு ஒரு நாள் எழுதினாள்.

அவர் ஒன்றுதான் கேட்டார். "உங்க சைட்டுல உங்களுக்குத் தெரியாம வேற ஒருத்தன் எப்படி சார் எழுதுவான்?"

மாப்பிள்ளையைப் பற்றி வெளி ஆளிடம் சொல்லும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை, அம்மா வேறு உள்ளே இருந்தார். கம்ப்யூட்டர் தவறு என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அந்தப் பெண் வகுப்புக்கு வரவில்லை.

நான் ஞாயிறுக்குக் காத்திருக்கவில்லை. உழவர்கரைக்குப் போனேன். மாப்பிள்ளை சென்டரில், கண்ணாடி அறையில், ஏசி போட்டு உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சங்கடம் வரும் என்று எதிர்பார்த்தேன். திரையை என் பக்கம் திருப்பி, தளத்துக்கு ஆள் வரும் கணக்கின் கோட்டுப் படத்தைக் காட்டினார். கோடு செங்குத்தாக ஏறியிருந்தது.

ஒரு கேள்வி கேட்கிறேன் என்றேன். "பி ஏ ஐ என். பிரெஞ்சுல இன்னா அர்த்தம் மாப்ளே?"

"வலி."

"பிரெஞ்சுல."

யோசித்தார். இந்த ஊரில் பிறந்தவர், இங்கேயே படித்தவர், வாழ்நாளெல்லாம் அந்தச் சொல் எழுதிய ரொட்டிக்கடை போர்டுகளைத் தாண்டிப் போய் வந்தவர். தெரியவில்லை. தெரியாததில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை.

"வேர்டு வேர்டுதான் மச்சான். அது எந்த லாங்வேஜ்னு சாஃப்ட்வேருக்கு இன்னா தெரியும்?"

சாஃப்ட்வேருக்குத் தெரிய வேண்டாம், மாட்டியவருக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டேன். எந்தச் சொல்லுக்கு எந்தக் கடை என்று யார் முடிவு செய்தது என்றும் கேட்டேன். அது பிளகினோடு கூடவே வந்த பட்டியல், டீஃபால்ட் என்றார். அதைத் திறந்து பார்த்தீர்களா என்றேன். எதுக்கு என்றார்.

அந்த நிமிடம் வரைக்கும், இதில் அவருக்கு ஏதோ ஒரு ஆதாயம் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் மரியாதைகூட வைத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆதாயத்துக்காகச் செய்கிறவனுக்கு என்ன செய்கிறோம் என்றாவது தெரியும். இவருக்கு அதுவும் இல்லை. எங்கோ முகம் தெரியாத ஒருவன் தன் கடைகளுக்கு ஆள் பிடிக்கச் செய்த பொருளை, இலவசம் என்ற ஒரே காரணத்துக்காக எடுத்து வந்து, என் வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு, அதற்குக் காபியும் குடித்துவிட்டுப் போயிருந்தார். திருடனுக்கு ஏணி பிடித்தவர், ஏணி எதற்கு என்றுகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்காததால், கடைசியில் பிளகினை எடுத்தார், புதுப் பாஸ்வேர்டையும் சொன்னார். எடுத்ததும் மாத்திரையும் காரும் பூனையும் போயின. என்னுடைய பழைய இணைப்புகள் திரும்பி வரவில்லை. அன்று டிக் போட்ட கட்டங்களில் ஒன்று, அதிகப்படியான வெளி இணைப்புகளை நிரந்தரமாக நீக்கலாமா என்று கேட்டிருந்தது. பென் டிரைவைப் பார்த்தேன். அதில் என் தளம் இல்லை என்று அவரே சொன்னார்.

அந்தக் கோடை முழுவதும் வியர்வையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்பத் தேடினேன். கிழவரைக் கண்டுபிடித்தேன். டீச்சரையும். மெட்ரோ அறிவிப்புகளைக் கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை. எந்த முகவரியில் பார்த்தேன் என்று எனக்கே நினைவில்லை, எழுதி வைத்திருந்ததே தளத்தின் அந்தப் பக்கத்தில்தான்.

இடையில் ஒரு நாள் பஸ் பிடித்துக் காலாப்பட்டுக்குப் போனேன். பெண்ணின் அப்பா கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். மரியாதைக்குக் குறைவில்லை. தளத்தைச் சரிசெய்துவிட்டேன், கம்ப்யூட்டரே வேண்டாம் என்றால் வகுப்புக்கு மட்டுமாவது அனுப்புங்கள் என்றேன். கான்வென்ட்டில் ஒரு சிஸ்டரிடம் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். அந்த சிஸ்டரை எனக்குத் தெரியும். வினைச்சொற்களை ஜெபம் மாதிரி ஒப்பிக்க வைப்பவர். உள்ளறை வாசலில் நின்றிருந்த பெண், அப்பா பார்க்காதபோது என்னைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினாள். எதற்கு இல்லை என்று எனக்குத் தெரியவில்லை. கிளம்பி வந்துவிட்டேன்.

அவள் அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தாள். அங்கிருந்து ஒரு மெயில் வந்தது. சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது எல்லாம் நினைவில் இருக்கிறதாம், ஆனால் ரொட்டிக்கடையில் நின்றால் வாய் திறக்கவில்லையாம். கதை படிக்கும் அந்தத் தாத்தாவின் இணைப்பு கிடைக்குமா சார் என்று கேட்டிருந்தாள். துண்டு போட்டுத் திரையை மூடிய கதையும் அதில்தான் இருந்தது. இணைப்பை அனுப்பினேன்.

இதனால் மாப்பிள்ளை ஒன்றும் கீழே இறங்கிவிடவில்லை. சென்டரை விட்டுவிட்டுத் தனியாக ஒரு கம்பெனி ஆரம்பித்தார். வலைத்தளங்களை கூகுளில் மேலே கொண்டுவருவதற்கு ஆலோசனை. ஒரு காலேஜில் அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். வீட்டில் எல்லோரும் போக வேண்டும் என்றார் அம்மா. போனேன். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். திரையில் அந்தக் கோட்டுப் படம் வந்தது. ஒரு கல்வித் தளத்தை ஒரே மாதத்தில் எப்படி வளர்த்தேன் பாருங்கள் என்றார். பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள். இவ்வளவு பேரும் எங்கிருந்து வந்தார்கள் சார் என்று ஒரு பையன் எழுந்து கேட்டான். உலகம் முழுவதிலுமிருந்து என்றார் மாப்பிள்ளை. கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் என் தங்கையும் தட்டினாள்.

முடிந்ததும், கழுத்தில் மாலையோடு வந்து, எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். உங்கள் சைட்டையும் ஒரு தரம் புதுசாகச் செய்து தருகிறேன், பழைய பாஸ்வேர்டுதானே என்றார்.

"அத மூடிட்டேன் மாப்ளே."

அடடா என்றார். அதோடு விட்டுவிட்டார். நான் தளத்தை மூடவில்லை, அதற்குப் பிறகும் பல வருஷம் நடத்தினேன். அவர் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.