மகள் எழுதாமல் போன ஒரு பக்கம்

என் மகள் தர்சினி பல்கலைக்கழகத்துக்கு எழுதிய ஆய்வில் ஒரு பக்கம் மட்டும் மிச்சமிருந்தது. அதை எழுதுவதற்கு முதலே காய்ச்சலில் இறந்துபோனாள். அந்தப் பக்கம் இல்லாமல் ஆய்வை எடுக்க மாட்டார்களாம்.

இன்று அவளுடைய சிநேகிதி அதை எழுதிக்கொண்டு மயிலிட்டிக்கு எங்கள் வீடு தேடி வந்தாள். ஆய்வுச் சுருக்கம் என்று பெயராம்.

"வாசிக்கிறன் அம்மா. பிழை இருந்தாச் சொல்லுங்கோ."

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் என்ன பிழை சொல்ல? ஆனாலும் ஒன்று கேட்டேன்.

"என்ன பிள்ளை, தேப்பன்ரை பேர், சகோதரங்கள் ஒண்டையும் காணேல்லை? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடிச்ச கல்வெட்டுப் புத்தகத்திலை எல்லாம் போட்டனாங்களே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது அவளைப் பற்றி இல்லை அம்மா. அவள் கண்டுபிடிச்சதைப் பற்றி."

பிறகு ஆறுதலாக வாசித்தாள். கடற்கரைப் பக்கத்துக் கிணறுகளில் மோட்டாரை இடைவிடாமல் ஓடவிட்டால் அடியிலிருந்து உப்பு ஏறுமாம். ஆறவிட்டு இறைத்தால் நல்ல தண்ணீர் திரும்பி வருமாம்.

"இதை எங்கடை பிள்ளையே கண்டுபிடிச்சவள்?"

"ஓம் அம்மா. இஞ்சை இருக்கிற கிணறுகளை ஒவ்வொண்டா அளந்து காட்டினது அவள்தான்."

தர்சினி போத்தல் போத்தலாகத் தண்ணீர் கொண்டுவந்து அடுக்கியபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிலத்துக்கு அடியில் நடப்பதை என் பிள்ளை பார்த்திருக்கிறாள்.

"இன்னொருக்கா வாசி பிள்ளை" என்றேன். வாசித்தாள்.

சிநேகிதியை வாசல் படலைவரை விட்டுவிட்டு வந்து, முதல் வேலையாக ஓடிக்கொண்டிருந்த கிணற்று மோட்டாரை நிறுத்தினேன். தொட்டியில் அரைவாசிதான் தண்ணீர். இன்றைக்கு அது போதும்.

உங்கள் வீட்டிலும் மோட்டார் ஓடுகிறதா? நிறுத்திவிட்டு வந்து சொல்லுங்கள்.