லாசால் கண்ணாடி வீட்டில் மீசை நெல்

பிப்ரவரி மாதம் மான்ட்ரியாலில் பச்சை நிறம் பார்க்க வேண்டுமென்றால் டெபனர் என்கிற மூலைக்கடையில் வெள்ளரிக்காய் வாங்கினால்தான் உண்டு. எனக்குக் கிறுக்குப் பிடிக்காத குறை. லாசாலில் ஒரு கண்ணாடி வீட்டுக்குள் நெல் விளைகிறது என்று அலுவலகத்தில் யாரோ சொன்னதும், அந்தச் சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

வில்லரேயில் ஜாரி மெட்ரோவில் காலை 9.10க்கு ஏறினேன். லியோனல்-க்ரூவில் பச்சைப் பாதைக்கு மாறி, கடைசி நிலையமான ஆங்ரிக்னோனில் இறங்க 40 நிமிடம். அங்கிருந்து பஸ்ஸில் 12 நிமிடம், பிறகு பனியில் 600 மீட்டர் நடை. நுழைவு 12 டாலர். வெளியே மைனஸ் 19, உள்ளே 29. மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் துடைக்கத் துணி கொண்டுபோங்கள்.

பராமரிப்பவர் சிவம் அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர். அமெரிக்காவின் தெற்குக் கடலோரத்தில் அடிமைகளை வைத்து நடத்திய ஒரு பழைய நெல் பண்ணையைக் கடல் தின்றுகொண்டிருக்கிறதாம். அதன் நெல்லையும் தாவரத் தோட்டத்தையும் இங்கே வைத்துக் காப்பாற்றுகிறார்கள். கமேலியாப் பூச்செடிகளையும், தாடிபோல் பாசி தொங்கும் ஓக் மரத்தையும் தாண்டினால் கடைசியில் நெல் பாத்தி. அங்கே களக் களக்கென்று, யாரோ சேற்றில் நடக்கிற மாதிரி சத்தம்.

"பம்ப்பாண்ணே?" என்றேன்.

"பம்ப் பழுதாகி ரெண்டு கிழமை, தங்கச்சி. அது அப்பிடித்தான் கேக்கும். நான் திரும்பிப் பாக்கிறேல்லை."

நல்லா ரீல் விடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஹீட்டரைப் பார்க்க அவர் வெளியே போனார்.

நான் மன்னார்குடிக்காரி. பயிர் மட்டமாக நிற்கிற இடத்தில் நெட்டையாய், கதிரில் மீசையோடு ஒன்று நின்றால் அது கலவன். விட்டால் விதையெல்லாம் கெட்டுவிடும். அங்கே ஐந்து நின்றன. கை சும்மா இருக்குமா? பேண்டை மடித்துவிட்டு இறங்கினேன். மூன்றைப் பிடுங்கிய பிறகுதான் உறைத்தது. நான் கால் வைத்த நொடியிலேயே அந்தச் சத்தம் நின்றிருந்தது. பாசிகூட அசையவில்லை. முதுகுக்குப் பின்னால் நிறையப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. திரும்பத் தைரியம் வரவில்லை.

"ஐயோ, என்ன செய்துபோட்டீங்கள்!" சிவம் அண்ணன் ஓடிவந்தார்.

"கலவன்ண்ணே..."

"அதுதான் நெல்லு! மற்றதெல்லாம் சுத்தி மறைப்புக்கு நட்ட கடை நெல்லு. விதை வேற எங்கயும் இல்லை, தங்கச்சி. அந்த அடிமைச் சனத்தின்ர வழியில வந்த ஒரு மனுசி மார்ச்சில விதை எடுக்க வாறா. நான் என்னத்தைக் குடுக்கிறது?"

என் கையில் பால் பிடித்த கதிர்கள். அப்படியே செத்துப்போகலாமா என்றிருந்தது. திரும்ப நட்டுக்கொண்டே அவர் மெதுவாகச் சொன்னார்: "பண்ணைக்காரன் விக்கிறதுக்கு வெள்ளை நெல்லு போட்டவன். இது அந்தச் சனம் தங்கட வயித்துக்கெண்டு இடையில ஒளிச்சு வளத்தது. கங்காணி கண்டால் புடுங்கி எறிஞ்சுபோடுவான். அவன் வயலுக்க இறங்கினால் எல்லாரும் அசையாமல் நிப்பினமாம்."

நட்ட மூன்றும் நாலே நாளில் காய்ந்துவிட்டன. மிச்சமிருந்த இரண்டிலிருந்து ஒரு கைப்பிடி விதை தேறியது. அந்தப் பெண்மணி பாத்திக்குக் கொஞ்சம் விட்டுவிட்டு, மீதியைத் துணியில் முடிந்து எடுத்துப்போனாராம். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு அவருக்கு எழுதினேன், பதில் இல்லை.

போகிறவர்கள் காலை பத்து மணிக்குப் போங்கள், வெளிச்சம் நன்றாக இருக்கும். ஒன்றரை மணி நேரம் போதும். எந்த ஊர் விவசாயியாக இருந்தாலும் கையைப் பையை விட்டு எடுக்காதீர்கள்.

மார்ச் கடைசியில் நான் மறுபடி போனேன். புதிதாக விதைத்த பாத்தி ஓரத்தில் பத்திலிருந்து பதினொன்றரை வரை நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. ஒருவழியாக நிம்மதியாகி, பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது சிவம் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"தங்கச்சி, போயிட்டீங்களோ?"

"பஸ்ஸுக்கு நிக்கிறேண்ணே. ஏன்?"

"ஒண்டுமில்லை. நீங்கள் கதவைச் சாத்தின உடன அந்தச் சத்தம் துவங்கிட்டுது."