கேட்டைத் திறக்க மறுத்தவர்

கேட் சூப்பர்வைசர் என் அறைக்கு வந்தது ஒரே ஒரு முறைதான். மஞ்சள் ஹெல்மெட்டை வயிற்றோடு அணைத்தபடி வாசலிலேயே நின்றார். ஷூவில் ஒட்டியிருந்த கிரீஸ் தரைவிரிப்பில் பட்டுவிடுமோ என்று யோசித்தவரைப் போல உள்ளே வரவில்லை. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில், துறைமுகத்திலிருந்து வரும் கண்டெய்னர்களை இறக்கி வைத்து உரியவர்களிடம் ஒப்படைக்கும் நிறுவனம் எங்களுடையது. அவர் பதினொரு வருடமாக அதன் கேட்டில் இருந்தார். கொருக்குப்பேட்டைக்காரர். என் வயதுதான் இருக்கும். நான் மாடியில் இருந்தேன். நிறுவனத்தின் மென்பொருள்களில் எது எதனோடு பேச வேண்டும், எதை வாங்க வேண்டும், எதைக் கழற்றி எறிய வேண்டும் என்று முடிவெடுப்பது என் வேலை. விசிட்டிங் கார்டில் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் என்று இருக்கும். வீட்டில் கேட்டால் கம்ப்யூட்டர் வேலை.

அப்போது எங்கள் வாசலில் தினமும் பிற்பகலில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசை மெயின் ரோட்டை அடைத்து, மீனவர் குப்பத்துக்குத் திரும்பும் முனைவரை போகும். ஊர்க்காரர்கள் இரண்டு முறை மறியல் செய்துவிட்டார்கள். கேட்டில் ஒவ்வொரு வண்டியின் காகிதத்தையும் கையால் சரிபார்ப்பதால்தான் தாமதம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். கேமராவே எண்ணைப் படித்துத் தடுப்பை உயர்த்தும் தானியங்கி கேட் ஒன்றை வாங்கலாம் என்று பரிந்துரையும் எழுதிவிட்டேன். அதைக் கேள்விப்பட்டுத்தான் அவர் வந்திருந்தார்.

"அந்த கேட்டு வாணாம் மேடம். வண்டி வெளிய நின்னா ரோடு மட்டும்தான் அடையும். உள்ள நின்னா எல்லாமே நின்னுடும்."

வேலை போய்விடும் என்று பயப்படுகிறார் என நினைத்துக்கொண்டேன். யாரையும் அனுப்ப மாட்டோம் என்று ஆறுதலாகச் சொன்னேன். அவர் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு கீழே போனார்.

வாங்குவதற்கு முன் ஒரு வாரம் சோதனை வைத்தோம். கேட்டில் கூடுதலாக இரண்டு வழிகள், கூடுதல் ஆட்கள். வந்த வண்டியை நிறுத்தாமல் உடனே உள்ளே விட வேண்டும். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ரோடு துடைத்து வைத்தது போல் இருந்தது. காலி ரோட்டைப் படமெடுத்து நிர்வாக இயக்குநருக்கு அனுப்பினேன். புதன்கிழமை நான்கு மணிக்கு, கண்டெய்னர் பெட்டிகளை அடுக்கி வைக்கும் யார்டு உறைந்து போனது. எடுக்க வந்த வண்டிகள் உள்ளே அடைத்து நிற்க, பெட்டி தூக்கும் வண்டிகளால் திரும்ப முடியவில்லை. எடுத்து முடித்தவை வெளியே வரவும் வழியில்லை. அந்த நெரிசலின் நடுவில் ஒரு டிரைவருக்கு நெஞ்சுவலி வந்தது.

ஆம்புலன்ஸ் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டது. மாடி ஜன்னலிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட் சூப்பர்வைசர் தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். டிரைவரை அதில் உட்காரவைத்து, இவரும் இன்னும் மூன்று பேரும் முன்னும் பின்னுமாகத் தூக்கிக்கொண்டு, நாற்காலி மட்டுமே நுழையும் இடைவெளிகளில் வண்டிகளுக்கு நடுவே நெளிந்து வந்தார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த என் கை அவர்கள் ரோட்டை எட்டும்வரை விடவில்லை. டிரைவர் பிழைத்துக்கொண்டார். இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று மருத்துவமனையில் சொன்னார்களாம்.

மறுநாள் காலை சோதனையை நிறுத்தச் சொல்லிவிட்டு கேட் அறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் வாயில் வந்தது கேள்வி.

"நீங்க கேட்ட எப்ப தொறப்பீங்க, எப்ப மூடுவீங்க?"

"நான் எங்க மேடம் மூடறேன்? உள்ளேர்ந்து ஒண்ணு வெளிய போனா வெளியேர்ந்து ஒண்ண உடறேன். அவ்ளோதான்."

"அப்ப டெய்லி வெளிய ஏன் இவ்ளோ வண்டி நின்னுகினு கீது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். அந்தப் பேச்சை அலுவலகப் படியேறும்போதே கீழே விட்டுவிடுவேன். அன்று தானாக வந்துவிட்டது. எந்த ஏரியா என்று கேட்டார். சொன்னேன். தன் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு டீ சொல்லி அனுப்பினார்.

"காலைல ஈ ஓட்டறோம் மேடம். மூணு மணி ஆனா மொத்தமா வந்து நிக்கறாங்க. டெய்லி இதான். ஏன்னு மாடிலதான் சொல்லணும்."

நான்கு நாள் அந்த அறையில் உட்கார்ந்தேன். அவர் சொன்னது அப்படியே நடந்தது. டிரைவர்களிடம் கேட்டால், இரண்டரைக்குத்தான் செல்போனில் மெசேஜ் வரும், வந்ததும் முக்கால்வாசிப் பேர் கிளம்புவோம் என்றார்கள். பெட்டியை எடுத்துப் போகலாம் என்று எங்கள் நிறுவனம் அனுப்பும் அனுமதி அது. மாடிக்குப் போய்த் தேடினேன். நான்கு வருடம் முன்பு எங்கள் சர்வர் திணறிக்கொண்டிருந்த காலத்தில், அனுமதிகளையெல்லாம் சேர்த்து வைத்து நாளுக்கு ஒரே தடவை, இரண்டரை மணிக்கு அனுப்பும்படி ஒருவர் மாற்றியிருந்தார். அதன் பிறகு சர்வரையே மாற்றிவிட்டோம். இரண்டரை மணி மட்டும் அப்படியே தங்கிவிட்டது. மாற்றத்துக்கு ஒப்புதல் தந்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

மீதி தானாகப் புரிந்தது. வரிசையில் மாட்டிக்கொள்ளும் பயத்தில் சில வண்டி உரிமையாளர்கள் அனுமதி வரும் முன்பே, மதியமே வண்டியை அனுப்பி நிற்க வைத்தார்கள்; அப்படி நின்ற வண்டிகளே வரிசையை நீட்டின. நீண்டதைப் பார்த்து மற்றவர்களும் முன்கூட்டியே அனுப்பினார்கள். வரிசையே வரிசையை வளர்த்துக்கொண்டிருந்தது. ஒரு பகுதியைத் தனியாகப் பிரித்துப் பார்க்காதே, அது மற்றவற்றோடு சேர்ந்து என்ன செய்கிறது என்று பார் என்று நானே பயிற்சி வகுப்புகளில் பேசியிருக்கிறேன். ஆனால் நான் வரைந்த படங்களில் மென்பொருள்கள் மட்டும்தான் இருந்தன. பயமும் அவசரமும் கொண்ட டிரைவர்கள் இல்லை. உள்ளே இடம் பார்த்து வண்டியை விடும் கேட் சூப்பர்வைசரும் இல்லை. அவரைத் தாமதத்தின் காரணம் என்று எழுதியிருந்தேன். யார்டை அதுவரை காப்பாற்றிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

நிர்வாகக் குழுக் கூட்டத்தில் என் பரிந்துரையை நானே திரும்பப் பெற்றேன். அப்படியென்றால் தவறு யாருடையது என்று இயக்குநர் கேட்டார். என்னுடையது என்றேன். நான் வற்புறுத்தி அழைத்து வந்திருந்த கேட் சூப்பர்வைசரை இயக்குநர் பார்த்தார். புது கேட் இல்லாமல் சரியாகுமா என்று கேட்டார்.

"மெசேஜ் அனுப்பற நேரத்த மாத்துங்க சார். ஒரு மாசம் பாருங்க. அப்பவும் நின்னா கேமரா வோணும்னு நானே வந்து கேக்கறேன்."

ஒவ்வொரு பெட்டியும் தயாரானதும் அதற்கான அனுமதியை உடனே அனுப்பினோம். ஒவ்வொரு வண்டிக்கும் வரவேண்டிய நேரத்தையும் சேர்த்துச் சொன்னோம். முதல் வாரம் யாரும் நம்பவில்லை, பழையபடி மூன்று மணிக்கே வந்து நின்றார்கள். அவர் ஒவ்வொரு டிரைவரிடமும் போய், சொன்ன நேரத்துக்கு வந்தால் நிற்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாம் வாரம் காலை பத்து மணிக்கு வண்டிகள் வரத் தொடங்கின. இன்றும் மழை நாளில், இரண்டு கப்பல் சேர்ந்து வந்த நாளில் வரிசை உண்டு. ஆனால் குப்பத்துத் திருப்பத்தை எட்டுவதில்லை. மீன்கூடை ஏற்றிய ஆட்டோக்கள் நிற்காமல் போகின்றன.

இப்போதெல்லாம் எந்த முடிவெடுத்தாலும், அது யார் கையில் போய் நிற்கிறதோ அவர் பக்கத்தில் இரண்டு நாள் உட்காராமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. இதனால் என் வேலை மெதுவாகிவிட்டது என்று குறை சொல்பவர்கள் உண்டு. போட்ட கையெழுத்தை அதற்குப் பிறகு ஒரு முறைகூடத் திரும்பப் பெற்றதில்லை.

சென்ற மாதம் தெற்கே ஒரு துறைமுகத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். யார்டு முழுவதையும் திட்டமிடும் மேலாளர் பதவிக்கு எங்கள் கேட் சூப்பர்வைசர் விண்ணப்பித்திருக்கிறாராம். விசாரிக்க என் பெயரைக் கொடுத்திருக்கிறார். பத்தாவதுதான் படித்திருக்கிறார், இத்தனை பெரிய சிஸ்டத்தை அவரால் புரிந்துகொள்ள முடியுமா என்று கேட்டார்.

"எங்கள் சிஸ்டத்தில் நான்கு வருடம் யார் கண்ணிலும் படாத ஒரு தவறைக் காட்டித் தந்தவர் அவர்," என்றேன். "அந்தத் தவறுக்குக் கையெழுத்துப் போட்டவள் நான்."

போன் செய்தவர், அவரை எப்போது விடுவிக்க முடியும் என்று கேட்டார்.